கேளுங்கள், சொல்கிறேன்: ஏதென்ஸில் ஒரு குலுக்கல் சீட்டு

போன மாதம் ஊராட்சித் தேர்தல் பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "பழைய ஏதென்ஸில் எம்.எல்.ஏ. என்று ஒருவர் கிடையவே கிடையாது, சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள்" என்று ஒரு வரி விட்டுவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கோத்தகிரியில் மூன்று நாளாக விடாத மழை, கரண்ட் வருகிறது, போகிறது, இலை பறிக்க ஆள் வரவில்லை, ஆகவே எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாயிற்று. இந்த மாதம் முழுக்கக் கிரேக்கர்கள்தான். முடி உதிர்வு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் எல்லாமா கொட்டிவிடப் போகிறது!

சீட்டுப் போட்டு ஆட்சி நடத்தினார்கள் என்கிறீர்கள். தகுதி இல்லாத ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்?
— கல்லூரி மாணவி, குன்னூர்

இதைச் சாக்ரடீசே கேட்டிருக்கிறார் பாப்பா. கப்பல் ஓட்டுகிறவனைச் சீட்டுப் போட்டா எடுப்பீர்கள், ஊரை ஓட்டுகிறவனை மட்டும் ஏன் அப்படி எடுக்கிறீர்கள் என்பது அவர் வாதம்.

முறை இதுதான். கி.மு. 508 வாக்கில் கிளெய்ஸ்தனீஸ் என்பவர் ஏதென்ஸ் குடிமக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தார். பிரித்ததில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. கடற்கரை ஊர், உள்நாட்டு ஊர், நகரத்துப் பகுதி என மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு குலம் என்று கட்டினார், அதனால் பழைய பெரிய குடும்பங்களின் பிடி அதுவாகவே தளர்ந்தது. குலத்துக்கு 50 பேர், மொத்தம் 500 பேர் கொண்ட ஆட்சிமன்றம், ஒரு வருடத்துக்கு. 30 வயது ஆகியிருக்க வேண்டும், ஆயுளில் இரண்டு தடவைக்கு மேல் உட்கார முடியாது. அதற்குள்ளேயே தினம் ஒருவர் தலைவர், அதுவும் சீட்டுதான். கஜானாச் சாவியும் ஊர் முத்திரையும் ஒரு பகல், ஓர் இரவு அவரிடம் இருக்கும், மறுநாள் சாவி கைமாறிவிடும். ஒரே நாளில் எவ்வளவு சுருட்ட முடியும், நீயே சொல்.

நீதிமன்றத்துக்கு வருடத்துக்கு 6,000 பேர் கொண்ட பட்டியல். அன்றன்றைக்கு அதிலிருந்து யார் எந்த வழக்கில் உட்காருவது என்பதற்கு ஒரு கல் இயந்திரமே வைத்திருந்தார்கள். ஆளுயரப் பலகைக்கல், அதில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். வந்தவர் தன் பெயர் எழுதிய வெண்கலத் தகட்டை ஒரு பிளவில் செருகுவார். பக்கத்தில் ஒரு குழாய், மேலே இருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைக் கொட்டுவார்கள். கீழே வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே, கறுப்பு விழுந்தால் அந்த வரிசை முழுக்க வீட்டுக்கு. யார் நீதிபதி என்று காலையில்தான் தெரியும் என்றால் முந்தின ராத்திரி யார் வீட்டில் போய்க் கவர் கொடுப்பது? ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லின் உடைந்த துண்டு இன்றும் இருக்கிறது.

எங்கள் தெருவில் இருபது பெண்கள் சேர்ந்து குலுக்கல் சீட்டு நடத்துகிறார்கள். மாதாமாதம் ஐந்தாம் தேதி எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் பெயர்ச்சீட்டுகளை மடித்துப் போட்டு, இருப்பதிலேயே சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். எழுத்துத் தெரியாத குழந்தையாக இருக்க வேண்டும் என்பதில் என் மனைவி கறார். உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டிலும் இதே கவலைதான். 30 குடும்பு, அதாவது ஊரின் வார்டுகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடவே கூடாது, அவன் சொந்தக்காரன் பெயரையும் போடக்கூடாது.

தகுதி விஷயத்துக்கு வருகிறேன். ஏதென்ஸிலும் பதவி ஏற்கும் முன் ஒரு விசாரணை உண்டு, இறங்கும்போது கணக்குத் தணிக்கை உண்டு. படைத்தளபதிகள் பத்துப் பேரை மட்டும் சீட்டுப் போடாமல் கையைத் தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் நிற்கலாம். ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிக்ளீஸ் 15 வருடம் தொடர்ந்து அப்படி வந்தவர். ஆக, தப்பினால் உயிர் போகும் என்கிற வேலைக்கு ஓட்டு, மற்றதற்குச் சீட்டு. சாக்ரடீஸ் சொன்ன கப்பலோட்டி வாதத்துக்கு அவர்கள் கையில் இருந்த பதில் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. அந்தச் சீட்டுச் சம்படத்துக்குள் பெண் பெயர் இல்லை, அடிமை பெயர் இல்லை, மூன்று தலைமுறையாக அங்கேயே கடை வைத்திருந்தாலும் வெளியூரான் பெயர் இல்லை. கி.மு. 451-இல் பெரிக்ளீஸே சட்டம் போட்டார், அப்பா அம்மா இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். உத்திரமேரூர்க் குடத்திலும் கால் வேலி நிலம் இல்லாதவன் ஓலை விழாது, அது பிராமணர் சபை வேறு. இரண்டையும் "உலகின் முதல் ஜனநாயகம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை மட்டும் சொல்லாமல் இறங்கிவிடுகிறார்கள்.

பழைய போர்க்கப்பலில் துடுப்புப் போட்டவர்கள் எல்லாம் சங்கிலி போட்ட அடிமைகள்தானே? சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.
— ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், மஞ்சூர்

சினிமாவை விடுங்கள் ஐயா. ஏதென்ஸ் கப்பலில் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது சம்பளம் வாங்கிய சுதந்திரமான ஏழைகள். அதிலிருந்துதான் அந்த ஊர் அரசியலே புரியும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டிரைரீம் என்கிற அந்தப் போர்க்கப்பல் நம் மலை பஸ் நாலை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அதற்குள் 170 பேர் துடுப்புக்கு மட்டும், மூன்று அடுக்காக. மேல் அடுக்கில் 62, நடுவில் 54, கீழே 54. கீழ் அடுக்கில் இருப்பவனுக்கு வெளியே கடலே தெரியாது, மேலே இருப்பவனின் வேர்வைதான் தலையில் சொட்டும். ஒவ்வொருவனும் தன் துடுப்பு, அதைக் கட்டும் வார், உட்காரும் மெத்தை மூன்றையும் சொந்தமாகத் தூக்கிக்கொண்டு நடந்ததாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். இலை எடுக்கப் போகிறவர்கள் கூடையையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் தோளில் போட்டுக்கொண்டு காலையில் வரிசையாகப் போவார்களே, அப்படி.

இந்தக் கப்பல்கள் எப்படி வந்தன என்பது இன்னும் வேடிக்கை. கி.மு. 483 வாக்கில் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊர்க் கூட்டத்தில் என்ன யோசனை வந்திருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம். ஆளுக்குப் பத்து டிராக்மா கையில் கொடுத்துவிடலாம்! நமக்கு ரொம்பப் பழக்கமான யோசனைதான். தெமிஸ்டோக்ளீஸ் என்ற தலைவர் எழுந்து, வேண்டாம், அந்தக் காசில் கப்பல் கட்டுவோம் என்றார். எப்படியோ ஊர் கேட்டது. மூன்று வருடம் கழித்துச் சலமிஸ் கடலில் பாரசீகப் படையை உடைத்தது அந்தக் கப்பல்கள்தான்.

அதுவரை போர் என்றால் கவசம் வாங்க வசதி உள்ள விவசாயியின் வேலை, அவனுக்குத்தான் பேச்சில் எடை. சலமிசுக்குப் பிறகு ஊரைக் காப்பாற்றியது ஒன்றுமில்லாதவனின் தோள் என்று ஆகிவிட்டது, தோள் கொடுத்தவன் வாய் திறக்க ஆரம்பித்தான். ஏதென்ஸைப் பிடிக்காத, பெயர் தெரியாத ஒரு பணக்காரர் எழுதிய சிறு நூல் ஒன்று கிடைத்திருக்கிறது. அவரே பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார், கப்பலை ஓட்டுகிறவன் ஏழை, ஊருக்குப் பலம் கொடுக்கிறவன் அவன், ஆகவே அவனுக்கு அதிகம் கிடைப்பது நியாயம்தான் என்று. எதிரி வாயால் வந்த சாட்சி என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

அடிமைகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த வெள்ளியை லாரியத்தில் தோண்டியது அடிமைகள்தான், குனிந்து தவழ்ந்து போகிற சுரங்கம். பின்னால் ஸ்பார்ட்டா படை பக்கத்தில் வந்து கோட்டை போட்டதும் 20,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடிப்போனார்கள். ஆள் ரொம்பக் குறைந்த சமயத்தில், கி.மு. 406-இல், அடிமைகளையும் கப்பலில் ஏற்றினார்கள், விடுதலை தருகிறோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள்.

முந்நூறு பேர் மட்டும் லட்சக்கணக்கான பாரசீகர்களை மறித்தார்கள் என்பது உண்மையா?
— ஜிம் வைத்திருக்கும் தம்பி, ஊட்டி

உடம்பைக் காட்டுவதற்கென்றே ஒரு படம் எடுத்தார்கள், அதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாய் தம்பி, புரிகிறது.

தெர்மோபைலே என்ற கணவாயில், கி.மு. 480-இல், ஆரம்பத்தில் ஏழாயிரம் கிரேக்கர்கள் போல இருந்தார்கள். கடைசி நாளில் மற்றவர்களை அனுப்பிவிட்டு நின்றவர்களில் ஸ்பார்ட்டா ஆட்கள் 300, சரி. ஆனால் தெஸ்பியா என்ற சின்ன ஊர்க்காரர்கள் 700 பேரும் கூடவே நின்று செத்தார்கள், போ என்றாலும் போகவில்லை. அந்த ஊருக்கு அது ஏறக்குறைய மொத்தப் படை. அவர்களைப் பற்றிப் படம் எடுக்க ஆளில்லை. 400 தீப்ஸ்காரர்களும் இருந்தார்கள், கடைசியில் அவர்கள் சரணடைந்தார்கள். ஸ்பார்ட்டா ஆட்களின் பின்னால் அவர்களுடைய ஹெலட்டுகள், அதாவது மண்ணோடு கட்டப்பட்ட பண்ணையாட்கள், அவர்களும் செத்தார்கள். யாரும் எண்ணவில்லை.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்து மலை, நடுவில் மிகக் குறுகிய இடத்தில் ஒரு வண்டி போகும் அகலம். குன்னூர் கணவாயில் பர்லியார் தாண்டி ஒரு லாரி பிரேக் டவுன் ஆனால் மேட்டுப்பாளையம் வரை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், அதுதான் கதை. இரண்டு நாள் பாரசீகர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம் எஃபியால்டீஸ் என்ற உள்ளூர்க்காரன் ஒருவன் காசுக்கு ஆசைப்பட்டு மலைக்கு மேலே ஒரு பாதை இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் கிளம்பினார்கள் என்று எழுதுகிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், நம் பாட்டி சொல்கிற மாதிரியே. ராத்திரி முழுக்க ஏறினார்கள்.

அந்தப் பாதைக்கும் காவல் இருந்தது, ஃபோகிஸ் ஊர்க்காரர்கள் ஆயிரம் பேர். மலை முழுக்க ஓக் மரம், அதனால் பாரசீகர்கள் ஏறி வருவது கண்ணில் படவில்லை. விடியும் நேரம், காற்றே இல்லை, திடீரென்று சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. கற்பூர மரத் தோப்பில் நடந்து பழகிய நமக்கு இது நன்றாகத் தெரியும், அந்த நீள இலையும் உரிந்த பட்டையும் காய்ந்து கிடக்கும்போது ஒரு கோழி நடந்தாலே ஆள் நடக்கிற மாதிரி கேட்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் விடிகாலையில் அந்தச் சத்தம் வந்தால் நான் வெளிக்கதவைத் திறப்பதில்லை, காட்டு மாடு. அங்கே வந்தது பாரசீகத்தின் முதல் தரப் படை. காவல்காரர்கள் அவசர அவசரமாகக் கவசம் மாட்டி, அம்பு மழை வந்ததும், நம்மைத்தான் குறிவைக்கிறார்கள் என்று நினைத்து உச்சிக்கு ஓடிப்போய்ச் சாகத் தயாராக நின்றார்கள். பாரசீகர்கள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலையிறங்கிப் போய்விட்டார்கள். எனக்கு அந்த 300 பேரைவிட, மலை உச்சியில் யாரும் சண்டைக்கு வராமல் நின்றுகொண்டிருந்த அந்த ஆயிரம் பேர்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார்கள்.

இப்போது போய்ப் பார்த்தால் கணவாயே இல்லை, ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

கிரீஸும் நம்மைப் போல மலைநாடுதானே? மலை இருந்தால் ஊர் ஊராகப் பிரிந்து சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று ஒருவர் பேசினார். அப்படியா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி

நீங்கள் நம் பொரங்காடு சீமைக்காரர், உங்களுக்கே பதில் தெரியும். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே பள்ளம், பள்ளத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு கூட்டம் என்பது நமக்கும் உண்டு. கிரேக்கர்களிடம் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்-நாடுகள் இருந்தன, பலவற்றில் சில ஆயிரம் பேர்தான். ஒரே மொழி, ஒரே சாமிகள், ஒலிம்பிக்கில் ஒன்றாக ஓடுவார்கள், அறுப்புக்கு முன்னால் அடித்துக்கொள்வார்கள். ஆனால் இங்கே தொதவர் எருமை மேய்த்தார்கள், கோத்தர் இரும்படித்து, பானை செய்து, இசை வாசித்தார்கள், படகர் பயிரிட்டார்கள், குறும்பர் காட்டுப் பொருள் கொண்டுவந்தார்கள். ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தேவை என்று கொடுக்கல் வாங்கலில் வெகுகாலம் ஓடியது, அதில் உரசலும் உண்டுதான், ஆனால் மதில் கட்டிக்கொண்டு படை நடத்தவில்லை. கிரேக்க ஊர்கள் எல்லாமே கோதுமை, வாற்கோதுமை, ஆலிவ், திராட்சை என்று ஒரே மாதிரி இருந்தவை. பக்கத்து ஊரிடமிருந்து வேண்டியது ஒன்றுதான், நடுவில் இருக்கும் அந்தத் துண்டு நிலம். மலை மேல் பழி போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாடெல்லாம் மலையாக இருந்தும் சண்டைக்குச் சமவெளியைத் தேடிப் போனார்கள். ஒரு பாரசீகத் தளபதி இதைச் சொல்லிச் சிரித்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். காரணம் அவர்கள் நின்ற விதம். தோளோடு தோள், எட்டு வரிசை ஆழம். இடது கையில் மூன்றடி விட்டமுள்ள வட்டக் கேடயம், சுமார் ஏழு கிலோ. ஐந்து கிலோ ரேஷன் அரிசிப் பையையும் இரண்டு கிலோ சர்க்கரையையும் முழங்கையில் மாட்டிக்கொண்டு வெயிலில் நின்று பாருங்கள். அந்தக் கேடயத்தில் பாதிதான் உங்களுக்கு, மறுபாதி இடப்பக்கம் நிற்பவனுக்கு. உங்கள் வலப்பக்கம் திறந்தே இருக்கும், அதை மூட வேண்டியது வலப்பக்கத்தான் கேடயம்.

இதில் மனிதக் குணம் ஒன்று வந்து புகுந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டில் மழை பெய்யும்போது பக்கத்தில் குடை வைத்திருப்பவர் பக்கம் நாம் தெரியாமலே நகர்வோம் பாருங்கள், அவர் கொஞ்சம் நகர, நாமும் நகர. அப்படியே ஒவ்வொருவனும் வலப்பக்கத்தான் கேடயத்துக்குள் ஒதுங்க, மொத்தப் படையும் நடக்க நடக்க வலப்பக்கமாகவே சாய்ந்துகொண்டு போகும், இரு தரப்பும் அப்படித்தான். பயம்தான் இதற்குக் காரணம் என்று துசிடிடீஸ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், அவரே தளபதியாக இருந்தவர். அதனால் நல்ல வீரர்களை எப்போதும் வலக்கோடியில் நிறுத்துவார்கள். கி.மு. 371-இல் லெவுக்ட்ராவில் தீப்ஸின் எபமினோண்டாஸ் இதைத் தலைகீழாக்கினார். இடப்பக்கத்தில் 50 வரிசை ஆழமாக ஆட்களைக் குவித்து, எதிரே ஸ்பார்ட்டா அரசன் நிற்கும் இடத்திலேயே கொண்டுபோய் மோதினார். அங்கே இருந்த அசல் ஸ்பார்ட்டாக்காரர்கள் 700 பேர், அதில் 400 பேர் அன்றே போனார்கள். அதற்குப் பிறகு ஸ்பார்ட்டா எழுந்திருக்கவில்லை.

ஸ்பார்ட்டாவில் பெண்களுக்கு நிறையச் சுதந்திரம் என்று படித்தேன். அங்கே பிறந்திருக்கலாமோ?
— மகளிர் குழுத் தலைவி, கூடலூர்

யாருக்குப் பிறப்பது என்று கேட்டுக்கொண்டு பிறங்கள் அம்மா. ஏதென்ஸில் பெண்ணுக்கு ஒரு மூட்டை வாற்கோதுமை மதிப்புக்கு மேல் சொந்தமாகக் கொடுக்கல் வாங்கல் செய்யச் சட்டம் விடாது, உங்கள் குழு அங்கே ஒரு கடன்கூட வாங்கியிருக்க முடியாது. ஸ்பார்ட்டாவில் பெண்கள் ஓடினார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. நாட்டு நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்களிடம் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் புலம்புகிறார். அரச குடும்பத்துப் பெண் கினிஸ்கா அனுப்பிய தேர் கி.மு. 396-இலும் 392-இலும் ஒலிம்பிக்கில் ஜெயித்தது.

ஆனால் அந்த நிலத்தில் வேலை செய்தது யார்? ஹெலட்டுகள். பாரசீகரோடு நடந்த பிளாட்டியா போருக்கு ஒரு ஸ்பார்ட்டா வீரனுக்கு ஏழு ஹெலட் என்று 35,000 பேரைக் கூட்டிக்கொண்டு போனதாகக் கணக்கு இருக்கிறது. வருடா வருடம் புதிதாகப் பதவிக்கு வரும் எஃபோர்கள் என்ற மேலதிகாரிகள் ஐந்து பேர், முதல் வேலையாக ஹெலட்டுகள் மேல் போர்ப் பிரகடனம் செய்வார்கள், கொன்றால் பாவம் ஒட்டாது என்பதற்காக. நீங்கள் ஒரு ஹெலட் வீட்டில் பெண்ணாகப் பிறந்திருந்தால் விளைச்சலை மேல் வீட்டுக்கு அளந்து கொடுத்துவிட்டு, ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பிடிக்காத அரசியல்வாதியை ஊரை விட்டே அனுப்ப அங்கே ஓட்டு இருந்ததாமே, இங்கே கொண்டுவரலாமா?
— டாக்ஸி டிரைவர், கொடைக்கானல்

இருந்தது. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போட வேண்டும். மொத்தம் 6,000 ஓடாவது விழுந்து, அதில் யார் பெயர் அதிகமோ அவர் பத்து நாளில் கிளம்ப வேண்டும், பத்து வருடம் திரும்பக் கூடாது. சொத்தைத் தொட மாட்டார்கள், மானம் போகாது, குற்றச்சாட்டுகூட வேண்டாம். சலமிசில் ஊரைக் காப்பாற்றிய தெமிஸ்டோக்ளீசையே பின்னாளில் இப்படி அனுப்பிவிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் ஓடுகள் தோண்டக் கிடைத்திருக்கின்றன.

இங்கே கொண்டுவரலாமா என்றால், ஒன்று கேளுங்கள். ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபொலிஸ் பக்கத்துக் கிணறு ஒன்றில் சுமார் 190 ஓடுகள் மொத்தமாகக் கிடைத்தன, எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸ் பெயர். கையெழுத்தைப் பார்த்தால் எழுதியது 14 பேர்தான். அதாவது முன்கூட்டியே உட்கார்ந்து எழுதி, வருகிறவர் கையில் திணிக்கத் தயாராக வைத்திருந்தார்கள். பூத் சிலிப் கொடுக்க டேபிள் போடும் நம்ம ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாரும் கூடி முடிவெடுத்தால் தப்பே வராது என்கிறார்களே?
— ஊராட்சி முன்னாள் வார்டு உறுப்பினர், குந்தா

வரும், ஒரே ராத்திரியில் வரும். கி.மு. 427-இல் மித்திலீனி என்ற தீவு நகரம் ஏதென்ஸை எதிர்த்துக் கிளம்பி, தோற்றது. ஏதென்ஸ் கூட்டத்தில் ஒரே ஆத்திரம். வயது வந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக விற்றுவிடு என்று கையைத் தூக்கிவிட்டார்கள். உத்தரவோடு ஒரு டிரைரீம் அன்றே கிளம்பிவிட்டது. மறுநாள் விடிந்ததும் பலருக்கு மனசு கேட்கவில்லை, மறுபடி கூட்டம். கிளியோன் என்பவர் சொன்னது சொன்னதுதான் என்று நின்றார். டியோடோட்டஸ் என்பவர் எழுந்தார். இரக்கம் பாவம் என்றெல்லாம் பேசவில்லை, இவர்களைக் கொன்றால் அடுத்து எதிர்க்கிற ஊர் கடைசி ஆள் வரை சண்டை போடும், நமக்கு அதனால் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பேசினார். மயிரிழையில் முதல் தீர்மானம் ரத்தானது.

இரண்டாவது கப்பல் கிளம்புகிறது, முதல் கப்பல் ஒரு பகல் ஓர் இரவு முன்னால் போயிருக்கிறது. 300 கிலோமீட்டருக்கு மேல் கடல். வாற்கோதுமை மாவை ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டே துடுப்புப் போட்டார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள், எங்கும் கரை ஒதுங்கவில்லை. முதல் கப்பல்காரர்களுக்கு அந்த வேலையில் விருப்பமில்லை, மெதுவாகப் போனார்கள். தளபதி உத்தரவைப் படித்து முடித்து வேலையை ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது.

ஊர் பிழைத்தது. ஆனால் கலகத்துக்குக் காரணம் என்று ஏதென்ஸுக்கு அனுப்பி வைக்கப்பட்டிருந்த ஆட்களைக் கொன்றார்கள், ஆயிரத்துக்கும் சற்று மேல் என்று துசிடிடீஸ் பிரதியில் இருக்கிறது. பதினொரு வருடம் கழித்து மீலோஸ் என்ற சின்னத் தீவுக்கு இதே தீர்மானம் வந்தது. அப்போது இரண்டாவது கப்பல் கிளம்பவில்லை.

சங்க இலக்கிய யவனர் என்றால் இவர்கள்தானா?
— தமிழாசிரியை, உதகை

பெயர் இவர்களுடையதுதான், அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயர் பாரசீகம் வழியாக நடந்து வந்து யவனம் ஆயிற்று. ஆனால் பொன்னோடு வந்து மிளகோடு போன யவனர் பெரிக்ளீசுக்கு நாலைந்து நூற்றாண்டு பிந்தியவர்கள், பெரும்பாலும் ரோமப் பேரரசுக்கு அடங்கிய எகிப்திலிருந்து வந்தவர்கள், கிரேக்கம் பேசியவர்கள். முசிறிச் சரக்கு பற்றிய ஒரு கடன் ஒப்பந்தம் கிரேக்க மொழியில் பப்பைரஸ் தாளில் கிடைத்து இப்போது வியன்னாவில் இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. அந்தக் கப்பலில் ஊர்க்கூட்டமும் ஓட்டும் வரவில்லை டீச்சர், கணக்குப் பிள்ளைகள்தான் வந்தார்கள்.

ஸ்பார்ட்டாப் பையன் ஒருவன் திருடிய நரிக்குட்டியைச் சட்டைக்குள் மறைத்து, அது வயிற்றைக் கடித்துக் குதறியும் வாய் திறக்காமல் செத்தானாமே?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், கோத்தகிரி

உன் வாத்தியார் சொன்ன கதை நல்ல கதை கண்ணா. எழுதிவைத்தவர் புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர், ஸ்பார்ட்டாவின் பெருமைக் காலத்துக்கு நாலைந்து நூறு வருடம் கழித்து. ஏழு வயதில் பையன்களை வீட்டிலிருந்து எடுத்துக் கூட்டமாக வளர்த்தார்கள், வயிறு நிறையச் சோறு போடாமல் திருடித் தின்னப் பழக்கினார்கள் என்பது வரை சரி. நரியை நீ நம்ப வேண்டாம்.

அதைவிட ஒன்று சொல்கிறேன், நீ ஊட்டி சீசன் பார்த்தவன், உனக்குப் புரியும். ரோமர் காலத்தில் ஸ்பார்ட்டாவுக்குப் படையும் இல்லை, போரும் இல்லை, பழைய பெயர் மட்டும் இருந்தது. அர்டெமிஸ் கோயில் பலிபீடத்தின் முன் பையன்களை நிறுத்திச் சாட்டையால் அடிப்பார்கள், யார் அழாமல் அதிக நேரம் தாங்குகிறான் என்று போட்டி. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து கூட்டம் வந்தது. கூட்டம் கூடக் கூட, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் கோயிலைச் சுற்றி வட்டமாகக் கல்லில் கேலரியே கட்டிவிட்டார்கள், வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்க. அதன் அடித்தளம் இன்னும் இருக்கிறது.